நான்காம் எண் வண்டியில் ஒரு தாள்

இர்மெலி,
உனக்கு மாலை, எனக்குக் காலை.
ஒரே இருக்கை, ஆனாலும் அதன் சூட்டை
ஒருநாளும் நாம் பகிர்ந்துகொண்டதில்லை.
நீ இறங்கி ஏழு மணி நேரம் கழித்து
நான் ஏறுகிறேன். அதற்குள் அது
ஏரியோடு சேர்ந்து இறுகிவிடும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.
மைனஸ் இருபத்தெட்டு.
ஹீட்டர் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன்,
சாவியைத் திருப்பினேன், அவ்வளவுதான்.
வேறெதையும் தொடவில்லை.
வைப்பர் தானாக எழப் பார்த்தது.
நேற்றிரவு நீ இட்ட கட்டளையை
மோட்டார் தூங்காமல் காத்து வைத்திருந்தது.
கண்ணாடியா, விடவில்லை.
காய்ந்த புண்ணிலிருந்து பிளாஸ்திரி பிய்கிற சத்தம்,
நம் தொழிலில் இருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொள்ளும் சத்தம்.
இடப்பக்க ரப்பரில் பாதி
பனியிலேயே தங்கிவிட்டது.
மீதி, கறுப்பு நாக்காகத் தொங்கிக்கொண்டு
கண்ணாடியில் சேறு பூசியது.

உள்ளங்கை அகலம் சுரண்டிய ஓட்டை வழியே
பத்தொன்பது கிலோமீட்டர்.
கல்லுங்கி இன்சுலினுக்காகக் காத்திருந்தார்,
கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால்,
கரண்டியைத் தொடாமல்.
"கலைமானை இடித்துவிட்டாயோ?"
"இன்னும் இல்லை."

திரும்பும் வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன்.
பெயரைச் சொல்லி, சத்தமாக,
மூச்சுக்காற்று உள்கண்ணாடியில் உறையும்வரை.
மதியம் இந்தத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினேன்:

எஞ்சினுக்கு முன் வைப்பரை அணை.
அவை கீழே வந்து படுத்த பிறகு சாவியை எடு.
வெந்நீர் ஊற்றலாம் என்று கனவிலும் நினைக்காதே,
ரப்பர் பிழைக்கும், கண்ணாடி

இங்கே பேனா உறைந்துவிட்டது.
வேறு பேனா தேடி முன்பெட்டியைத் திறந்தால்
உன் பதிவேடு.

*திங்கள், 21.40. ஸால்மெலா அம்மையார்.
மூச்சு நின்றது. மகளுக்குத் தகவல் சொன்னேன்.
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.*
அடுத்த வரி:
*23.15. வண்டி நிறுத்தப்பட்டது.*

ஸால்மெலா வீட்டிலிருந்து இங்கே இருபது நிமிடம்.

காலையில் நான் பார்த்தேன், இர்மெலி,
பார்த்தும் பார்க்கவில்லை:
இரண்டு வைப்பர்களும் கண்ணாடியின் நடுவில்,
மேலே போகும் வழியில் நின்றிருந்தன.
பனி பெய்யப் பெய்ய ஓட்டி வந்து
அப்படியே சாவியைத் திருகியிருக்கிறாய்.
பிறகு எவ்வளவு நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தாய் என்பதைப்
பதிவேடு சொல்லவில்லை, நானும் கேட்கமாட்டேன்.

மேலே எழுதியதை அடிக்கவில்லை.
பதறாத காரியம் சிதறாது என்பது
எனக்கும் சேர்த்துத்தான்.
முதலில் சூடு, பிறகு பிரஷ், பிறகு சுரண்டி,
விரலால் ரப்பரை மெல்ல உரித்துப் பார்த்து
அது விடுபட்டதும்தான் ஸ்விட்ச்.
ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறதென்று
சாவிக்கு முன் நான் பார்த்திருக்கலாம்.
ஒரு கண் போதும் அதற்கு.

புது ரப்பர் போட்டாகிவிட்டது, பதினெட்டு யூரோ,
ரசீது மேலதிகாரியிடம்.
ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தும் வைத்தேன்,
கையுறையெல்லாம் ஊசி போட்ட வாசனை.

இன்றிரவு வைப்பர்களைத் தூக்கி நிறுத்தாதே.
ஏரிப்பக்கக் காற்று வருகிறதாம்;
போன வருடம் இரண்டாம் எண் வண்டியில்
தூக்கிய கை காற்றில் அறைந்து விழுந்து
கண்ணாடி முழுக்க விரிசல்.
அதற்குப் பதில் இருக்கைக்கு அடியில்
இரண்டு கம்பளிக் காலுறைகள் வைத்திருக்கிறேன்.
ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.
ஜோடி கிடைக்கவில்லை.
மாட்டிவிட்டுப் போ. காலையில் நான் கழற்றிக்கொள்கிறேன்.

ஸால்மெலாவின் ஜன்னலை
மகள் வந்து சாத்திவிட்டாள்.
அந்த வழியாகப் போனபோது பார்த்தேன்.

ஹெல்வி